சண்டையில் ஜெயித்த சொற்கள்

புது டில்லி
2 ஏப்ரல் 2025

அக்கா,

ஒரு வாரமாக உன் நம்பருக்குப் போட்டால் மணியே அடிக்கவில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பியதெல்லாம் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. என்னை பிளாக் செய்துவிட்டாய் என்று பிரசாத் மாமாதான் சொன்னார். தபால்காரரை உன்னால் பிளாக் செய்ய முடியாது என்பதால் இந்தக் கடிதம்.

நடந்ததை நான் புரிந்துகொண்டபடி எழுதுகிறேன், தப்பென்றால் திருத்து. வீட்டையும் பார்த்துக்கொண்டு, வருடக்கணக்காகப் பாடுபட்டு, செகந்திராபாத் சந்துகளில் குழாய்த் தண்ணீருக்குக் காத்திருக்கும் பெண்களைப் பற்றித் தீசிஸ் எழுதிக் கொடுத்தாய். பல்கலைக்கழகம் அதை ஒரு சாஃப்ட்வேரில் போட்டுப் பார்த்தது. பெரும்பகுதி மெஷின் எழுதியது என்று அது சொல்லிவிட்டது. உன் ஆங்கிலச் சொற்களுக்குக் கீழே சிவப்புக் கோடு போட்டு, பி.ஏ. வரை தெலுங்கு மீடியத்தில் படித்தவருக்கு இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று கமிட்டி கேட்கிறது. மெஷின் உதவியை எடுத்தேன், மன்னியுங்கள் என்று கையெழுத்துப் போட்டால் ஆறு மாதத்தில் எளிய ஆங்கிலத்தில் திருப்பி எழுதித் தரலாம். போடாவிட்டால் வெளியூர்த் தேர்வாளர் முன்னால் திறந்த வைவா. அவருக்குத் திருப்தி இல்லையென்றால் உன் பதிவே ரத்து.

போட்டுவிடு அக்கா. நானும் கல்லூரியில் பாடம் நடத்துகிறவன்தான். கமிட்டிகள் எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியும். எதிர்த்து நிற்பவரை அவர்களுக்குப் பிடிக்காது. இத்தனை வருட உழைப்பு ஒரே மதியத்தில் போய்விடக் கூடாது. கோபத்தைத் தள்ளிவைத்து, நிதானமாகப் பரிசீலனை செய்து பார்.

அன்று ஃபோனில் கேட்டதை இன்னொரு முறை கேட்கிறேன். நீ எனக்கு அனுப்பும் மெசேஜில் ‘ஹேப்பி பர்த்டே’வுக்கு மேல் ஆங்கிலம் பார்த்ததில்லை. அந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன? வேறு யாருக்கும் தெரிய வேண்டாம். என்னிடம் மட்டும் சொல்.

ஸ்ரீனிவாஸ்


மெட்டுகுடா
செகந்திராபாத்
9 ஏப்ரல் 2025

ஸ்ரீனு,

ஃபோனில் பேசினால் திட்டிக்கொண்டிருக்கும்போதே எனக்கு அழுகை வந்துவிடும். அழுதால் நீ ஜெயித்ததாக ஆகிவிடும். காகிதத்தில் திட்ட மட்டும் செய்யலாம். ஆகையால் பிளாக் அப்படியே இருக்கும்.

கமிட்டி கேட்டதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. அவர்களுக்கு நான் யார்? ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கும் நடுத்தர வயதுக்காரி. நீ கேட்டாயே, அதைத்தான் தாங்க முடியவில்லை. ‘என்னிடம் மட்டும் சொல்’ என்றால் என்ன அர்த்தம்? திருடினாயா என்று கேட்கவில்லை, எங்கே ஒளித்துவைத்திருக்கிறாய் என்று கேட்கிறாய்.

சரி, சொல்கிறேன். எல்லாருக்கும் தெரியும்படியே சொல்கிறேன்.

முதலில் நானும் அகராதியை வைத்துக்கொண்டு மனப்பாடம்தான் செய்தேன். காலையில் ஏற்றியது சாயங்காலத்துக்குள் இறங்கிவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ‘பெர்ஃபங்க்டரி’ என்ற சொல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். மனசே வைக்காமல் கடமைக்குச் செய்வது என்று அர்த்தம். அந்த நேரம் பார்த்து உன் பிரசாத் மாமா, வீடு துடைக்கிறேன் பேர்வழி என்று சோபாவைச் சுற்றி ஈரத்துணியை ஊர்வலம் விட்டுக்கொண்டிருந்தார். “ஏங்க, இது பெர்ஃபங்க்டரி துடைப்பு” என்றேன். பாதி உருதுவில், “கைக்கு, ஏன்? என்ன சொன்ன? திரும்பச் சொல்லு” என்றார். சொன்னேன். அர்த்தத்தையும் சொன்னேன். துணியைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். அடுத்த ஞாயிறு சோபாவை நகர்த்தித் துடைத்தார். இனி அந்தச் சொல் என்னை விட்டு எங்கே போகும்?

அன்று வீட்டில் ஒரு சட்டம் போட்டேன். ஒரு சண்டையிலாவது ஜெயித்த சொல்தான் என் தீசிஸுக்குள் போகும். வெறும் மனப்பாடத்துக்கு அங்கே இடமில்லை.

என் மாமியாரோடு சண்டை உளுத்தம்பருப்புக்காக வந்தது. நான் பொறுக்கியதை அவர் திரும்பவும் முறத்தில் கொட்டிப் பொறுக்கினார். “நீங்க மெட்டிகுலஸ் அத்தை. ஒவ்வொண்ணையும் கண்ணுல வச்சுப் பாக்கிறவங்க. நானும் அப்படி இருந்தா இந்த வீட்ல எப்ப சோறு வேகும்?” என்றேன். கோபப்பட வந்தவர், பாராட்டா திட்டா என்று தெரியாமல் முறத்தை என்னிடமே கொடுத்துவிட்டார். இப்போது தெருவில் எல்லாரிடமும் தன்னை அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்.

‘ஆர்பிட்ரரி’ எனக்கு எதிராகவே ஜெயித்தது. தெருத் தண்ணீர் வால்வு திறக்கிறவன் இஷ்டத்துக்குத் திறக்கிறான் என்று அந்தச் சொல்லைத்தான் சொல்லித் திட்டிக்கொண்டிருப்பேன். ஒருநாள் ஹர்ஷிதாவின் ஃபோனைப் பிடுங்கி வைத்தேன். “ஏன்னு ரீசன் சொல்லு மம்மி. சொல்லலைன்னா நீயும் அந்த வால்வுக்காரன் மாதிரி ஆர்பிட்ரரி” என்றாள். ரீசன் இல்லை. ஃபோனைத் திருப்பிக் கொடுத்தேன். சட்டம் சட்டம்தானே, அந்தச் சொல்லையும் மூன்றாம் அத்தியாயத்தில் சேர்த்தேன்.

சிவப்புக் கோடு போட்ட சொற்களுக்கெல்லாம் இப்படி ஒவ்வொரு சண்டை இருக்கிறது. நான் எதிலும் கையெழுத்துப் போடப்போவதில்லை.

இப்போது என் கேள்வி. நான் தெலுங்கு மீடியம் படித்த காலத்தில் மௌலா அலியில் நமக்கு அதுதான் இருந்தது. நீ வளரும்போது சென்ட்ரல் ஸ்கூல் வந்துவிட்டது, இந்தியும் ஆங்கிலமும் படித்தாய். அம்மாவிடம் தமிழ் படித்துக்கொண்டது நான் மட்டும்தான், அவர் எழுதிய மளிகைச் சீட்டைக்கூட உனக்கு நான்தான் வாசித்துக் காட்டுவேன். உன் கடிதத்தில் ஒரு பிழை இல்லை. ‘பரிசீலனை’ என்று வேறு எழுதியிருக்கிறாய். யாரிடம் எழுதி வாங்கினாய்? சுப்ரியாவிடமா, மெஷினிடமா?

கோபப்படாதே. ஒரே ஒரு கேள்விதான். என்னிடம் மட்டும் சொல்.

தேஜஸ்வினி


புது டில்லி
17 ஏப்ரல் 2025

அக்கா,

நானேதான் எழுதினேன். சுப்ரியா அந்தக் கடிதத்தைப் பார்க்கக்கூட இல்லை. அவளிடமே கேட்டுக்கொள்.

கல்யாணமான புதிதில், சுப்ரியாவின் மதுரை வீட்டில் நான் ஒரு பஸ் போர்டை எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் பஸ் போய்விட்டது. எல்லாரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு மெட்ரோவில் போகும்போதும் வரும்போதும் தமிழ் வாரப் பத்திரிகைகளைப் படித்தேன். ஆசிரியருக்குக் கடிதம் எழுதினேன், ஒன்று பிரசுரமும் ஆனது. உனக்கு முதல் தமிழ்க் கடிதம் போடும்போது நீ அசந்துபோவாய், சந்தோஷப்படுவாய் என்று நினைத்தேன். யாரிடம் எழுதி வாங்கினாய் என்று கேட்கிறாய். வாசித்த அன்று சாப்பாடே இறங்கவில்லை.

ஆனால் இது வேறு, அது வேறு. என் கடிதத்தை எந்தக் கமிட்டியும் படிக்கப்போவதில்லை. உன் கையைவிட்டுப் போக இருப்பது பட்டம். உளுத்தம்பருப்புக் கதையைக் கமிட்டி ஏற்காது.

மறைக்காமல் ஒன்று சொல்லிவிடுகிறேன். நீ மார்ச்சில் எனக்கு அனுப்பிய தீசிஸை நானும் இங்கே ஒரு சாஃப்ட்வேரில் போட்டுப் பார்த்தேன். அதுவும் அதையேதான் சொன்னது. அதனால்தான் கேட்டேன்.

உனக்குச் சிரமம் வேண்டாம் என்று மன்னிப்புக் கடிதத்தை நல்ல ஆங்கிலத்தில் நானே தயார் செய்து இதோடு வைத்திருக்கிறேன். உன் பெயர், பதிவு எண் எல்லாம் இருக்கிறது. நீ கையெழுத்து மட்டும் போடு.

ஸ்ரீனிவாஸ்


மெட்டுகுடா
25 ஏப்ரல் 2025

ஸ்ரீனு,

சாப்பாடு இறங்கவில்லையா? நல்லது. எனக்கு மார்ச்சிலிருந்து இறங்கவில்லை. உனக்கு வந்த கோபமும் எனக்கு வந்த கோபமும் ஒரே அடுப்பில் வெந்ததுதான். இது வேறு, அது வேறு என்று இரண்டு தட்டில் வைக்காதே.

நீ அனுப்பிய மன்னிப்புக் கடிதத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஹர்ஷிதாவை வாசிக்கச் சொன்னேன். பாதியில் நிறுத்திவிட்டு, “மம்மி, இத மாமாவே எழுதினாரா?” என்றாள். ஆமாம் என்றேன். “அப்போ உன் பேர்ல வேற ஒருத்தர் எழுதினது இதுதானே?” என்றாள். எனக்குப் பொறி தட்டியது அப்போதுதான். அடேய், நான் செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்ள வைப்பதற்கு நீ அந்தக் குற்றத்தையே செய்து, ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பியிருக்கிறாய். என் வாழ்க்கையில் என் பெயரில் இன்னொருவர் எழுதிய ஒரே ஆங்கிலம் அந்தக் கடிதம்தான். அதுவும் பெர்ஃபங்க்டரியாக இருக்கிறது. சோபாவை நகர்த்தவே இல்லை நீ.

நான்காம் அத்தியாயத்தில் வசந்தி என்று ஒருவர் வருகிறார், பிளவுஸ் தைப்பவர். அவர்கள் சந்துக்குக் குடிநீர் ஆபீஸிலிருந்து ஒரு தாளோடு வந்தார்கள். தினமும் ஒரு மணி நேரம் தண்ணீர் வருகிறது என்று வீட்டுக்கு வீடு கையெழுத்து. போட்டால் புதுக்குழாய்க்கு உங்கள் சந்தின் பெயர் சீக்கிரம் ஏறும் என்றார்கள். எல்லாரும் போட்டார்கள். வசந்தி, “வராத தண்ணிக்கு சைன் நக்கோ, வேணாம்” என்று சொல்லிவிட்டார். ஒரு தாள் குறைந்ததால் எல்லாருக்கும் குழாய் தள்ளிப்போயிற்று. சந்தே அவரோடு பேச்சை நிறுத்தியது. அந்தக் கோடை முழுவதும் குடத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்கு நடந்தார். நானும் உன்னைப்போல் புத்தி சொல்லப் போனேன். போட்டுவிட்டால்தான் என்ன என்று கேட்டேன். ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே, “போட்டா வந்த மாதிரி ஆயிடும்ல மேடம்?” என்றார்.

நான் போட்டால் செய்த மாதிரி ஆகிவிடும். அவ்வளவுதான் விஷயம்.

அந்த அத்தியாயத்தை நீ படித்திருந்தால் இதை எழுத வேண்டியிருக்காது. உன்னிடம் வாசிக்கத்தான் அனுப்பினேன். நீ ஒரு பக்கம்கூடத் திருப்பாமல் மெஷினுக்கு வாசிக்கக் கொடுத்துவிட்டாய். யார் மெஷினை நம்பி வேலை செய்தது என்று கொஞ்சம் யோசி.

வைவா ஜூன் 18, புதன்கிழமை. திறந்த வைவா, யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம். நீ வா. ஃபோனில் தனியாகக் கேட்டதை எல்லார் முன்னாலும் எழுந்து நின்று கேள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சிவப்புக் கோடு போட்டவற்றில் ஒரே ஒரு சொல் சட்டத்தை மீறி உள்ளே போனது. அது எந்தச் சண்டையிலும் இன்னும் ஜெயிக்கவில்லை. எது என்று சொல்லமாட்டேன். மெஷினால் கண்டுபிடிக்க முடியாது. உன்னால் முடிந்தால் கண்டுபிடி.

தேஜஸ்வினி


புது டில்லி
1 ஜூன் 2025

அக்கா,

பதில் தாமதமாகிவிட்டது. தீசிஸைப் படித்துக்கொண்டிருந்தேன். இந்த முறை நானே படித்தேன்.

முதலில் தப்புப் பிடிக்கத்தான் உட்கார்ந்தேன். இரண்டாம் அத்தியாயத்தில் பிளாஸ்டிக் குடங்களின் வரிசையைப் பற்றி ஒரு பக்கம் வருகிறது. ஆள் போய்விட்டாலும் குடம் நின்று இடம் பிடிப்பது, ஒரு குடத்தைக் காலால் நகர்த்தினால் எத்தனை வீட்டுக்கு மனஸ்தாபம் வரும் என்பது. ஆங்கிலத்தில்தான் இருக்கிறது, ஆனால் எனக்கு நீ அம்மாவோடு வாக்குவாதம் செய்வது காதில் கேட்டது. மெட்ரோவில் என் ஸ்டேஷனை விட்டுவிட்டேன்.

அந்தச் சொல்லைத் தேடினேன். மற்றவையெல்லாம் வாக்கியத்தில் காலை நீட்டிச் சொந்த வீடுபோல் உட்கார்ந்திருக்கின்றன. ஒன்று மட்டும் புதுச் செருப்பு போட்டுக்கொண்டு விருந்துக்கு வந்ததுபோல் கூச்சத்தோடு நிற்கிறது. அதுதான் என்று நினைக்கிறேன். இங்கே எழுதமாட்டேன்.

லீவு கிடைக்குமா என்று தெரியவில்லை. கிடைத்தாலும் உன் எதிரில் வந்து நிற்கும் தைரியம் இருக்கிறதா என்றும் தெரியவில்லை. எனக்கு இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. நீ தோற்றுவிட்டால் என்ன செய்வாய்? கடைசி நாள் வரைக்கும் கையெழுத்துப் போடலாம் என்று மாமா சொன்னார். சொல்லாமல் இருக்க முடியவில்லை, சொல்லிவிட்டேன்.

ஸ்ரீனு


மெட்டுகுடா
20 ஜூன் 2025

ஸ்ரீனு,

வந்தவன் ஒரு சமோசாகூடச் சாப்பிடாமல் ஓடிவிட்டாய். உன்னைப் பிடிக்க மாமா ஸ்டேஷனுக்குப் பறந்தார். ரயில்வேயில் இருந்துகொண்டு ரயிலைத் தவறவிட்டவர் என்று இரண்டு நாளாக வீட்டில் கேலி. நீ கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் இருந்தாய். உனக்கு அங்கிருந்து எவ்வளவு தெரிந்ததோ, அதனால் நான் நின்ற இடத்திலிருந்து பார்த்ததை எழுதுகிறேன்.

மேஜையில் அந்த மன்னிப்புத் தாள் இருந்தது. பல்கலைக்கழகமே அடித்துவைத்தது, உன்னுடையதைவிட மோசமான ஆங்கிலம். கமிட்டித் தலைவர் பேனா மூடியைத் திறந்தே வைத்திருந்தார். மூன்றாம் வரிசையில் அத்தை பட்டுப்புடவையில், பக்கத்தில் உன் மாமா, ஹர்ஷிதா.

விசாகப்பட்டினத்திலிருந்து வந்த தேர்வாளர் சாம்பசிவம் சிவப்புக் கோடுகளை ஒவ்வொன்றாக எடுத்தார். முதலிலேயே ‘பெர்ஃபங்க்டரி’. நான் வாயைத் திறக்கும் முன்பு அத்தை சத்தமாகச் சிரித்துவிட்டார். மாமா தலையைக் குனிந்துகொண்டார். தலைவர் மேஜையைத் தட்டினார். சாம்பசிவம் கண்ணாடியைக் கழற்றி, ஏன் சிரிப்பு என்று கேட்டார். “அதோ தலையைக் குனிந்திருப்பவர்தான் சார், அந்தச் சொல்லுக்கு அர்த்தம்” என்றேன். ‘மெட்டிகுலஸ்’ என்றதும் அத்தை நிமிர்ந்து உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டார். ‘ஆர்பிட்ரரி’ என்றதும் ஹர்ஷிதா, “ஏ தோ மேரா ஹை! இது என்னோடது!” என்று கத்திவிட்டாள்.

குடும்பத்தின் சிரிப்பு சாட்சியாகாது என்றார் தலைவர். நியாயம்தான். சாம்பசிவம் விடாமல் துருவினார். ‘ஆர்பிட்ரரி’ எதற்கு, ஒழுங்கில்லாமல் என்று எளிதாகச் சொல்லக் கூடாதா என்றார். “ஒழுங்கில்லாமல் மழைகூடப் பெய்யும் சார். மழையோடு யாரும் சண்டைக்குப் போவதில்லை. காரணம் சொல்ல வேண்டிய அவசியம் இல்லாத ஒருவர் எடுக்கும் முடிவுக்குத்தான் இந்தச் சொல். எளிய சொல்லைப் போட்டால் வால்வுக்காரர் தப்பித்துவிடுவார்” என்றேன். அவர் எதையோ குறித்துக்கொண்டார். அப்படியே மதியம் போயிற்று. அதற்குள் எனக்குப் பயமும் போய்விட்டிருந்தது.

பார்வையாளர்கள் யாராவது கேட்கலாம் என்றார்கள். வழக்கமாக யாரும் கேட்கமாட்டார்கள். கடைசி வரிசையில் நாற்காலி நகர்ந்தது. நீ எழுந்தாய். இவன் வந்திருக்கிறானே என்று சந்தோஷமாகவும் இருந்தது, எல்லார் முன்னாலும் கவிழ்க்கப்போகிறானோ என்று ஆத்திரமாகவும் இருந்தது.

“நான்காம் அத்தியாயத்தில், வசந்தி என்பவரைப் பற்றி எழுதும் இடத்தில், ‘ரீகால்சிட்ரன்ட்’ என்று ஒரு சொல் இருக்கிறது. மேலே இருப்பவர்கள் எவ்வளவு சொன்னாலும் வளைந்துகொடுக்காதவர். மற்ற சொற்களுக்கெல்லாம் ஒரு சண்டை இருக்கிறது. இது எந்தச் சண்டையில் ஜெயித்தது?” என்று கேட்டாய்.

சரியாகக் கண்டுபிடித்துவிட்டாய் படவா. வசந்திக்கு அதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை, வீட்டில் அப்படி ஒரு சண்டையும் வரவில்லை, அதனால் சட்டத்தை மீறி வைத்தேன். மேஜையில் அந்தத் தாளைப் பார்த்தேன்.

“இன்னும் ஜெயிக்கவில்லை. அதன் முதல் சண்டை இந்த அறையில்தான் நடந்துகொண்டிருக்கிறது. இந்தத் தாள் மார்ச்சிலிருந்து என் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறது. நான் போடவில்லை, போடப்போவதுமில்லை. பட்டம் தராவிட்டாலும் போடமாட்டேன். அந்தச் சொல் ஜெயித்ததா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்” என்றேன்.

அதற்குள் நீ போய்விட்டாய். முடிவைக்கூடக் கேட்கவில்லை. எங்களை வெளியே உட்காரவைத்துவிட்டுக் கூப்பிட்டார்கள். பட்டத்துக்குச் சிபாரிசு செய்கிறேன், ஒரு சொல்லையும் மாற்ற வேண்டாம் என்று சாம்பசிவம் சொன்னார். அத்தை அங்கேயே அழுதுவிட்டார். தலைவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஃபைலுக்காகச் சின்னதாக ஒரு விளக்கக் கடிதம் தந்துவிட்டால் எல்லாருக்கும் நல்லது என்று மெதுவாகச் சொன்னார். “நக்கோ சார்” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

உன் மேல் இன்னும் கோபம் இருக்கிறது. வந்து கேட்டாய், அது பெரிய விஷயம், இல்லையென்று சொல்லவில்லை. தீசிஸைப் படித்தேன் என்று எழுதினாய், பயமாக இருக்கிறது என்று எழுதினாய். நம்புகிறேன் என்று மட்டும் இன்னும் எழுதவில்லை. சாம்பசிவம் என்னை நம்பியது எனக்குப் பட்டத்துக்குப் போதும். நீ நம்பாவிட்டால் அந்தப் பட்டத்தை யாரிடம் காட்டிப் பீற்றிக்கொள்வேன்?

உன் தமிழை நான் நம்புகிறேன். முதல் கடிதத்திலேயே நம்பினேன். மளிகைச் சீட்டு வாசிக்கத் தெரியாத என் தம்பி ‘பரிசீலனை’ என்று எழுதியிருக்கிறான் என்று அத்தையிடம் காட்டிக் குதித்தேன். வேண்டுமென்றேதான் அப்படிக் கேட்டேன். உனக்கும் வலிக்கட்டும் என்று கேட்டேன்.

இப்போது நீ சொல். அந்த ஒரு வார்த்தையை முதலில் சொல்லிவிட்டு, எப்படியிருக்கிறாய் என்றெல்லாம் அப்புறம் கேள். கடிதமாக எழுதாதே, தபால் வந்து சேர நாளாகும். அழுகை வந்தால் அழுதுகொள்கிறேன், நீ ஜெயித்ததாகவே வைத்துக்கொள். ஃபோன் பண்ணு. மணி அடிக்கும்.

அக்கா